பழுது பார்த்த குழாய் சொட்டியது

குளியலறை மாடக்குழியில் கழற்றி வைத்த வைரத்தோட்டைக் காணோம்! 1937, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. குற்றாலம் பங்களாவில் நாச்சியார் போட்ட கூச்சல் மேலகரம் வரைக்கும் கேட்டிருக்கும். எண்ணெய் தேய்க்கக் கழற்றியவள், குளித்துவிட்டு மாட்டிக்கொள்ள மறந்துபோனாள். பிறகு அந்த அறைக்குள் போனவன் ஒருத்தன்தான் என்றார்கள்: சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் சீமை ஷவர்க் குழாயின் ஒழுக்கைச் சரிசெய்ய வந்த ஃபிட்டர் ஏசுதாசன்.

நாச்சியாரின் தம்பி வீரபாகு காரில் விரட்டிப் போய், தென்காசி ரோட்டிலேயே அவனைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். தோடு அவனிடம் இல்லை. அது யாருக்குக் கவலை? சப்-இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன் வந்தபோது, வாசலில் கூடிய கூட்டம் அவனுக்குக் களவாணிப் பட்டம் கட்டி முடித்திருந்தது. சேதி கேட்டு ஓடிவந்த அவன் மனைவி தங்கபுஷ்பம், நிறைமாதக்காரி, நாச்சியாரின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"ஆண்டவர் சாட்சியா சொல்லுதேன் ஆச்சி, இவரு எடுக்கல! இவர ஜெயில்ல போட்டா நானும் வயித்துப் பிள்ளையும் அருவியிலதான் விழணும்!"

கூடத்தில் நடந்த காந்திமதிநாதன் பூஜை அறையை எட்டிப் பார்த்தார். அன்று வைத்த கும்பம். செம்பின் மேல் வெள்ளை நூல் குறுக்கும் மறுக்குமாக, கட்டம் கட்டமாக ஓடியது. ஓர் இழை பிசகவில்லை.

"யாரு சுத்துனது?"

"என் தம்பிதான் அண்ணாச்சி. கோயில் காரியம் பாக்குத குடும்பம்லா. சின்னப் பிள்ளையிலேர்ந்தே அவன் கைதான்" என்றாள் நாச்சியார், அழுகைக்கு நடுவிலும் பெருமையாக.

குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீயளா ஸார்! ஒழுக்கக்கூட நிறுத்தல. களவாங்கத்தான் வந்திருக்கான்" என்றான் வீரபாகு.

"ஏசுதாசா, நீ போகும்போது சொட்டுச்சா?"

"இல்லய்யா. வாஷர மாத்தி, ஒழுகாம இருக்க மரையில சணலச் சுத்தி, மூடிய முறுக்கி, தண்ணியத் தொறந்துவிட்டும் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல."

"மூடியத் தொற."

வெளியே தொட்டித் தண்ணீரை அடைத்துவிட்டு ஏசுதாசன் ஸ்பானரைப் போட்டுத் திருகினான். பித்தளை மூடி கழன்றது. உள்ளேயிருந்து தோடு இரண்டும் அவன் உள்ளங்கையிலேயே விழுந்தன.

"நாந்தான் சொன்னேன்லா!" வீரபாகு துள்ளினான். "வேணும்னே ஒழுகவிட்டுப் போயிருக்கான். திரும்பக் கூப்புடுவோம், அப்ப எடுத்துக்கிடலாம்னு!"

தங்கபுஷ்பம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இனி எந்தச் சாமி வந்து சொன்னாலும் யார் நம்புவார்கள்?

எல்லோரும் தோட்டைப் பார்த்தார்கள். காந்திமதிநாதன் மூடியைப் பார்த்தார்.

"இது நீ சுத்தின சணலா?"

"இல்லய்யா. வெள்ள நூலு."

"நூலு எங்கனயும் கெடைக்கும். சுத்துன விதத்தப் பாருங்க. என் வீட்டுக் குழாய நானே நாலு தடவ கெடுத்தவன், அதனால சொல்லுதேன். மூடி முறுகுத பக்கமா, திருகு மரைக்குள்ள பதிய, ஒரே போக்கில சுத்தணும். இங்கன குறுக்கும் மறுக்குமா கட்டம் ஓடுது. அங்கங்க மேடு தட்டி, சந்துல தண்ணி இறங்கிட்டு. ஃபிட்டர் கைக்கு இப்படிச் சுத்த வராது. நூலத் தொட்டாலே இப்படிச் சுத்துத கை இந்த வீட்டுல ஒண்ணுதான். ஃபிட்டர் போனப்புறம் கார் ஸ்பானரால மூடியக் கழட்டி, தோட்ட எடுத்து ஒளிச்சது நீங்கதான், வீரபாகு."

வீரபாகுவின் முகம் வெளுத்துப்போனது.

"பணம் வேணும்னு கேட்டிருந்தா நானே கழட்டித் தந்திருப்பேனேலே!" நாச்சியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ தந்தாலும் அத்தான் விடணும்லா" என்று அவன் முனகினான்.

அவள் காந்திமதிநாதன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, பொருள் கெடச்சிட்டு. மாடக்குழியிலயே கெடந்துதுன்னு சொல்லிருவோம். ஃபிட்டரும் போகட்டும், இவனையும் விட்டுருங்க. வீட்டு மானம் போயிரும்."

அவர் பதில் சொல்வதற்குள் தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தானா கெடச்சுதுன்னு சொன்னா, இவருதான் பயந்துபோய்த் திரும்ப வச்சிட்டாருன்னு சொல்லுவாங்க. பொறவு ஒரு வீட்டுலயும் இவர உள்ள விடமாட்டாங்க. ஒங்க மானத்துக்கு எங்க சோத்துலயா மண்ணப் போடுவிய ஆச்சி?"

நாச்சியார் அவள் வயிற்றைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று வாசலுக்குப் போய்க் கூட்டத்தின் முன்னால் நின்றாள்.

"தோட்ட எடுத்தது ஃபிட்டர் இல்ல. என் கூடப்பொறந்தவன்."