குட்டியின் கொத்தனார்கள்

மகளின் காதில் தோடு ஏறவில்லை. கொத்தனார் அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தார்; குத்திய துளை இருந்த இடமே தெரியாமல், புதிதாகப் பூசிய சுவர்போல வழவழவென்றிருந்தது காது மடல்.

"தோடு போடாம விட்டா தூந்துதான் போகும். கழுதை, சொன்னா கேக்குறியா?"

"காலையில கழட்டினதுதாம்பா" என்றாள் குட்டி.

பிறவியிலேயே அவள் இதயத்தில் ஓட்டை. அதை அடைக்க, கண்ணுக்கே தெரியாத இயந்திரங்களை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றியிருந்தார்கள். டாக்டர் வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னார்.

"கதைப் புத்தகத்துல நானோபாட்டுனு வரும்பா. நான் கொத்தனாருங்கன்னு பேரு வச்சுட்டேன்."

அப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஓட்டை அடைபட்டதும் அவற்றை நிறுத்த ஒரு மருந்து. வீட்டுக்கு வந்த அன்றே குடிக்க வேண்டும். அவர்தான் தள்ளிப்போட்டார். பூசிய கையோடு ஆளை அனுப்பினால் வெடிப்பு விடாதா? இன்னும் கொஞ்சம் நின்று வேலை பார்க்கட்டும். தொழில் தெரிந்தவனுக்கு டாக்டர் என்ன சொல்லித் தருவது!

"மூக்கடைப்பா இருக்குப்பா" என்று குட்டி போய்ப் படுத்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொடியில் தொங்கிய வேலைச் சட்டையிலிருந்து ஈரச் சிமெண்ட் வாடை வீடெங்கும் பரவ, கூரைத் தகரத்தின் சடசடப்புக்கு நடுவே உள்ளறையிலிருந்து, கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது.

"குட்டி, சாப்பிட வா."

தட்டில் சோற்றைப் போட்டார்.

"ஏய், காது கேக்கலையா?"

கேட்ட வாய் அப்படியே நின்றது. காது. மூக்கு. ஐயோ, இதயத்து ஓட்டை எது, மற்றது எது என்று அதுகளுக்கு யார் சொன்னது?

மருந்துப் புட்டியை எடுத்தார். மூடி சுழலவில்லை. பல்லால் கடித்துத் திறந்தார். கரண்டி. ஓடினார்.

சீழ்க்கை நின்றிருந்தது.

விளக்கைப் போட்டார். குட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் தன் முகத்தையே பிறாண்டிக்கொண்டிருந்தன.

"வாயத் தெற கண்ணு... அப்பா மருந்து கொண்டாந்துட்டேன்... தெறம்மா..."

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கரண்டியைச் சாய்த்தார். மூக்குக்குக் கீழே தாடைவரை ஒரே பூச்சு. கோடு இல்லை. உதடு இல்லை. மருந்து வழுக்கிக்கொண்டு கழுத்தில் இறங்கியது. குட்டியின் கண்கள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தன.