நாலாம் அங்கத்துப் பால்

"நான் விஷம் வெச்சேனாம்! இருபத்திரண்டு வருஷமா அந்த மனுஷனுக்கு வாள் துடைச்சுக் குடுத்த கை சார் இது!"

நாடகக் குழுவின் மேடைப் பொருட்களைக் காக்கும் பெட்டியம்மா நாற்காலியில் விழுந்த வேகத்தில் சுவர்க் கடிகாரமே ஒரு நிமிஷம் நின்று யோசித்தது. மீட்டர் மாமா அசையவில்லை. வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தே ஊர் ரகசியமெல்லாம் கரைத்துக் குடித்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் சேர்த்து மருமகள்தான் துள்ளினாள்.

"விஷமா! வில்லன் நடிகரோட மோதிரத்துல இருக்கும் மாமா!"

"முதல்ல அவங்களுக்குத் தண்ணி குடும்மா."

விஷயம் இதுதான். கதாநாயகர் 'சிங்கம்' நாலாம் அங்கத் தொடக்கத்தில், வில்லனான தம்பி தரும் விஷப் பாலைக் குடிப்பார். நாற்பது நிமிஷம் வசனம் பேசிவிட்டுத்தான் சாவார். மூன்று வாரமாகச் சாவதற்கு முன்பே வயிறு பத்துப் பானை அளவுக்கு உப்பி முறுக்குகிறது. வீடு போனால் கழிப்பறையே கதி. ஆட்டம் இல்லாத நாளில் ஒன்றுமில்லை.

"இன்னிக்கு ஆட்டத்துக்குள்ள ஒத்துக்கலைன்னா குழுவை விட்டே துரத்திடுவாராம்." பெட்டியம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"தம்ளர்ல மிச்சம் இருக்குமா?"

அவள் தலை குனிந்தது. "பாதி இருக்கும். நானே குடிச்சிடுவேன். முன்னெல்லாம் அரிசி மாவு கரைச்ச தண்ணிதான், கொட்டிடுவேன். மூணு வாரம் முன்ன புது இயக்குநர் வந்து, முன்வரிசைக்குத் தெரியும், நிஜப் பால்தான் வேணும்னுட்டார். பாலைக் கொட்ட மனசு வருமா?"

மாமா எழுந்து சட்டையை மாட்டினார்.

ஒப்பனை அறைச் சுவர் முழுக்கச் சிங்கத்தின் விளம்பரப் படம். கையில் தம்ளர், கீழே 'என் பலம் பால்!' கண்ணாடி முன் பாதி தின்ற தயிர்க் கிண்ணம், தார் போல் கறுத்த தேநீர். மருமகள் ஒவ்வொரு சாயக் குப்பியாக முகர்ந்து ஒன்பது முறை தும்மினாள். அதற்குள் மாமா எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார்.

"மோதிரத்தைக் கழட்டுங்க!" என்று மருமகள் வில்லன் நடிகரிடம் பாய்ந்தாள்.

"மூணு வருஷமா முயற்சி பண்றேன், நீங்க கழட்டினா புண்ணியமாப் போகும்" என்று அவர் விரலை நீட்டினார்.

"மோதிரம் இருக்கட்டும். விஷம்னா, மிச்சத்தைக் குடிச்ச பெட்டியம்மா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பாங்களா?" என்றார் மாமா.

"அப்போ என் வயிறு பொய் சொல்லுதா?" சிங்கம் கர்ஜித்ததில் பல்பு ஆடியது.

"உண்மையைத்தான் சொல்லுது. நீங்கதான் கேக்கலை. பால் இல்லாத தேநீர் எத்தனை வருஷமாக் குடிக்கறீங்க?"

"ஒரு இருபது... பால் சேர்த்தா வயிறு ஒரு மாதிரி..." கர்ஜனை இளைத்தது.

"அந்தப் படத்துல தம்ளர்ல இருந்தது?"

சிங்கம் ஒப்பனைக்காரரைப் பார்த்தார். ஒப்பனைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சுண்ணாம்புத் தண்ணி" என்றது சிங்கம், பூனைக் குரலில்.

மாமா மெல்ல விளக்கினார். "பாலுக்குள்ள ஒரு சர்க்கரை இருக்கு. அதைச் செரிக்கற சக்தி நிறைய பேருக்கு வயசு ஏற ஏறக் குறைஞ்சுடும். செரிக்காதது குடல்ல புளிச்சு வாயுவாகும். மேடையில மாவுத் தண்ணியைக் குடிச்ச வரைக்கும் நல்லா இருந்தீங்க. பாலுக்கு மாறின நாள்லேர்ந்து வலி."

"தயிர் ஒத்துக்குதே?"

"பாலைத் தோய்க்கற கிருமியே அந்தச் சர்க்கரையில கொஞ்சத்தைத் தின்னுடுது. டாக்டர்கிட்ட போங்க, ஊதச் சொல்லி மூச்சை வெச்சே உறுதி பண்ணிடுவாங்க."

"எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி?"

"உங்களுக்கு மட்டுமா? உலகத்துல பெரியவங்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான். நோயும் இல்லை, வெக்கமும் இல்லை. தெரியாமதான் ஆளுக்கொரு குற்றவாளியைத் தேடறாங்க."

மருமகள் குறிப்பேட்டில் 'மோதிரம்' என்பதை அடித்தாள்.

அன்று திரை விலகுமுன் சிங்கம் தனியே மேடைக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னார், சுண்ணாம்புத் தண்ணி உட்பட. பெட்டியம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். "எனக்கும் இதே கதைதான் சார்! பத்து வருஷமா என் பொண்டாட்டி சமையலைத் திட்டிட்டேன்!" பக்கத்திலிருந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் கொட்டகைக்கு மின்விசிறியே தேவைப்படவில்லை. சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஆட்டம் முடிந்தது. இயக்குநர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "மூணு வாரமா என்னமாத் துடிச்சீங்க! முன்வரிசையே அழுதுச்சு. இன்னிக்குச் சாவுல உயிரே இல்லையே!"

மாவுத் தண்ணித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த பெட்டியம்மா திரும்பினாள்.

"சொல்லுங்க சார், பால் வாங்கியாறேன்."

சிங்கம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டது.