மொத்தையின் குமிழி

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் தப்பாகப் பட்டது ஒரு சத்தம்தான். கூடத்து டிவியில் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டில் பொடி என்ற குட்டி உருவம் குதித்து இறங்கினால் 'டிக்' என்று கேட்கும், மொத்தை என்ற குண்டு உருவம் இறங்கினால் 'டொம்' என்று கேட்கும். சனிக்கிழமை மத்தியானம், வெளியே விடாத மழை. குழாயை மூடிய கையோடு அப்படியே நின்றாள். டிக். டொம். டிக். டொம். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு படியேறுவது மாதிரி, மாறி மாறி, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

பொடி மகளுடையது. மொத்தை அவளுடையது. மொத்தையை ஆட்ட வேண்டியவள் இங்கே முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்கிறாள்.

வேறு யாராக இருந்தாலும் இதைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அவளுக்குக் காதுதான் பிழைப்பு. செவித்திறன் பரிசோதிக்கும் இடத்தில் ஒன்பது வருஷமாக வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, கனத்த கதவை அழுத்திச் சாத்திவிட்டு, கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவாள். பெரியவர்களுக்குக் கையில் ஒரு பட்டன். குழந்தைகளிடம், "சத்தம் கேட்டா விரலைத் தூக்கு கண்ணு, எவ்ளோ சின்னதா இருந்தாலும் தூக்கணும்" என்பாள். அவள் கையைப் பார்த்து ஏமாற்றக் கூடாதென்று முதுகு காட்டி உட்கார வைப்பாள். சத்தம் சிறுத்துக்கொண்டே போகும். குட்டி விரல் எழும், இறங்கும், எழும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்பதால், திரும்பிப் பார்க்கிறவர்களின் உதட்டைக் கொண்டே பேச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கமும் அவளுக்கு வந்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். திரையில் பொடி மட்டும் தனியாக ஒரு மரப்பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே, பின்பக்கமாக, மொத்தை வழக்கம்போல் குமிழிக்குள் மிதந்துகொண்டிருந்தது.

"யாரு கண்ணு மொத்தையை ஆட்டினது?"

"யாருமில்லையே. நீ குமிழிக்குள்ளதானேம்மா இருக்க" என்றாள் மகள், திரும்பாமல்.

குமிழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகளின் அப்பா வாங்கி வந்த விளையாட்டு அது. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, கீழே விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கும் இரண்டு உருண்டைப் பிராணிகள். திரையின் இரண்டு கோடியில் இரண்டு பலகை இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றாய் மிதித்தால்தான் கதவு திறக்கும், அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தத்தி ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சலுகையும் உண்டு. தாண்ட முடியாத இடம் வந்தால் கன்ட்ரோலரின் மேல்பட்டனை அமுக்கினால் போதும், 'ப்ளக்' என்று ஒரு குமிழி வந்து உங்களை மூடிக்கொள்ளும். மற்றவர் தாண்டி முடிக்கும்வரை சும்மா பின்னாலேயே மிதந்து வரலாம். மற்றவர் வந்து தொட்டால் குமிழி உடையும். நீங்களாக உடைக்க முடியாது.

அந்தப் பட்டனை அவளைப் போல் அமுக்கினவள் உலகத்தில் இருக்க மாட்டாள். கடினமான இடம் வந்தால் அமுக்குவாள். போனில் வேலையிடத்து டாக்டரிடமிருந்து செய்தி வந்தாலும் அமுக்குவாள். நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்தக் கருவிக்குச் சொல்லி வைத்திருக்கிறது என்று பதில் தட்டிக்கொண்டே இருப்பாள். "அம்மா, உடைக்கட்டுமா?" என்று மகள் கேட்பாள். "ஒரு நிமிஷம் இரு கண்ணு" என்பாள். அந்த ஒரு நிமிஷம் சில நாட்களில் மகள் தூங்கும்வரை நீண்டிருக்கிறது.

திரையின் மூலையில் கட்டத்தின் எண் இருந்தது. பத்தொன்பது. முந்தின நாள் இருவரும் விட்டது பன்னிரண்டில். ஏழு கதவுகள். ஒரு கதவைக்கூட ஒற்றை ஆளாகத் திறக்க முடியாது.

டிவிக்குக் கீழே இழுப்பறையைத் திறந்து தன் கன்ட்ரோலரை எடுத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைவிரல் வைக்கும் இடத்தில் லேசான ஈரம். மகள் ஒன்றைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டியிருப்பாள், வாலு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கூடத்தில் ஒரு வாசனை வந்தது. பழைய ஸ்பாஞ்சும் பசையும் பல பேர் மூச்சும் கலந்த அடைசல் வாசனை. அது வீட்டு வாசனையே இல்லை. தினமும் காலையில் அந்தப் பரிசோதனை அறையின் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் வாசனை.

சாயங்காலம் கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அங்கேருந்து நீங்க அந்த கேம்ல வந்து ஆடுறீங்களா?"

அவன் சிரித்தான். "அது அந்த மாதிரி கேம் இல்ல. வெளியிலேருந்து யாரும் வர முடியாது. ஒரே ரூம்ல இருக்கிறவங்கதான் ஆட முடியும். அதுக்காகத்தானே தேடிப்பிடிச்சு வாங்கினேன், நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும்னு."

சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாகத் தன் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரி இரண்டையும் கழற்றி, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டின் பையில் போட்டாள். கோட்டைப் படுக்கையறைக் கதவில் மாட்டினாள். மழை விட்டபாடில்லை. துணி மடிக்கப் படுக்கையறையில் உட்கார்ந்தாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். காது மட்டும் கூடத்தில் இருந்தது. டிக், டிக், டிக் என்று பொடி மட்டும் தனியாகக் குதித்துக்கொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். போன் அதிர்ந்தது. டாக்டர். நாளைக்குக் காலையில் மூன்று குழந்தைகள். பதில் தட்டினாள்.

டொம்.

விரல் பாதி வார்த்தையில் நின்றது. எழுந்து, சுவரோடு சுவராக நடந்து, கூடத்து வாசலில் நின்றாள்.

மகள் சோபாவின் வலது ஓரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கையும் அவளுடைய கன்ட்ரோலரில்தான் இருந்தன. திரையில், இந்தக் கோடிப் பலகையில் பொடி நின்றது. அந்தக் கோடிப் பலகையில் மொத்தை நின்றது. இரண்டும் ஒரே நொடியில் மிதித்தன. கதவு திறந்தது. முப்பத்தொன்று என்று எண் மாறியது. மகள் கலகலவென்று சிரித்து, இடது பக்கம் திரும்பி உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். அங்கே யாருமில்லை. ஆனால் சோபாவின் இடது மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, ஒரு ஆள் எழுந்துகொள்ளும்போது உப்புவதுபோல், உப்பியது.

ஓடிப்போய் டிவியின் இணைப்பைப் பிடுங்கினாள்.

"அம்மா! ஏம்மா?"

"யாரு அது? யாரோட ஆடுற?"

"கூட ஆடுறவங்க." மகளின் கண்ணில் நீர் தளும்பியது. "நீ குமிழிக்குள்ள போனா அவங்க வருவாங்க. அவங்க ஒரு தடவகூட குமிழிக்குள்ள போகல தெரியுமா? போன் வந்தாகூட போகல."

அவளுக்குச் சுருக்கென்றது. பயத்தைவிட அந்தச் சொல்தான் அதிகமாக வலித்தது. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு வயசுக் குழந்தை, எத்தனை சாயங்காலம் இந்தச் சோபாவில் உடம்பு மட்டும் இருக்கிற ஒருத்தியோடு உட்கார்ந்திருந்ததோ! காலியாக விட்ட இடத்தில் எதுவோ வந்து உட்கார்ந்துவிட்டது. தான் முழுசாக உட்கார்ந்துவிட்டால் அதற்கு இடமில்லை. டிவியை எடுத்து வெளியே எறியத்தான் தோன்றியது. ஆனால் மகள் அவள் தோளில் முகத்தை வைத்தபடி சொன்னாள்: "கேமை எடுத்துட்டா அவங்க வீட்டுக்குள்ளதானேம்மா சுத்திக்கிட்டு இருப்பாங்க? இன்னும் பத்து கதவுதான். முடிச்சிட்டா போயிடுவாங்க."

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

மகள் முகத்தை அவள் தோளில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"சரி. பத்தையும் நான் ஆடுறேன்" என்றாள். "நானும் நீயும் மட்டும். ஒரு தடவகூட குமிழிக்குள்ள போக மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"சத்தியமா."

டிவியின் இணைப்பை மறுபடி செருகினாள். பேட்டரியை எடுத்துப் போட்டாள். மழைக் குளிருக்குக் கோட்டையும் மாட்டிக்கொண்டாள். இடது மெத்தையில் அழுந்தி உட்கார்ந்தாள். அது சூடாக இருந்தது. இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி அதே பள்ளத்தில் விழுந்தாள். மொத்தை புதரில் சிக்கிக் குட்டிக்கரணம் அடித்தபோது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. மகளின் தோள் அவள் கையோடு ஒட்டியிருந்தது. இத்தனை மாதத்தில் மகள் ஆடும்போது மூக்கை இப்படிச் சுருக்குவாள் என்பதையே இன்றைக்குத்தான் பார்க்கிறாள். முப்பத்தாறு. மழைச்சத்தம் தேய்ந்தது. அந்த அடைசல் வாசனை மட்டும் சோபாவுக்குப் பின்னாலிருந்து, மிக அருகில், நகராமல் நின்றுகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பது. கடைசிக் கதவு.

தரை ஆடியது. பலகைகள் நகர்ந்தன. பொடி தன் பலகைக்குப் போய்விட்டது. மொத்தைக்கு இன்னும் ஒரே ஒரு பள்ளம்.

"வாம்மா, வாம்மா, குதி!"

போன் அதிர்ந்தது.

அதைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தாள். பார்க்கவே இல்லை. சத்தியமாகப் பார்க்கவே இல்லை. ஆனால் இத்தனை நாள் பழகின கட்டைவிரல் அவளைக் கேட்கவில்லை. போன் அதிர்ந்தால் எங்கே போகுமோ அங்கே போனது. மேல்பட்டன்.

ப்ளக்.

மழை நின்றது. நிற்கவில்லை, ஜன்னலில் தாரை தாரையாக வழிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. விளையாட்டின் பாட்டு இல்லை. மகளின் குரல் இல்லை. காதுக்குள் ஒரு அழுத்தம். கனத்த கதவைச் சாத்தியதும் வரும் அழுத்தம். அந்த அமைதியை அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக மற்றவர்களை அதற்குள் வைத்துப் பூட்டியவள் அவள்.

காலுக்குக் கீழே தரை இல்லை. கையை நீட்டினாள். வழுவழுப்பாக ஏதோ தடுத்தது. அந்தப் பக்கம் கூடம், சற்று வளைந்து தெரிந்தது. கீழே சோபாவின் முதுகு. அதற்கு மேலே இரண்டு தலைகள். ஒன்று மகளுடையது. இன்னொன்றில் அவளுடைய கொண்டை, அவளுடைய ஹேர்பின். நீலக் கோட்டின் தோள்.

திரையில் மொத்தை பள்ளத்தை அநாயாசமாகத் தாண்டியது.

கதவு திறந்தது.

அடித்தாள். இரண்டு கையாலும். தன் அடியே தனக்குக் கேட்கவில்லை. மகள் திரும்பினாள். நேராக மேலே, அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள்! எழுந்து கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் குமிழிக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். பக்கத்திலிருந்த தலை அசையவில்லை. கோட்டின் கை மட்டும் நீண்டு மகளின் தலையை வருடியது. திரையைக் காட்டியது. திரையில் புதிதாக ஒரு எண் வந்திருந்தது. நாற்பத்தொன்று.

மகள் அதையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லாமலே அவளுக்குப் புரிந்தது. "ஒரு நிமிஷம் இரும்மா."

மகள் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் கத்தினாள். மகளின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள். மகளின் தலை ஆடவில்லை, அசையவில்லை. அதற்குப் பக்கத்தில், முதுகு காட்டியபடி, கோட்டின் வலது கை மெல்ல உயர்ந்தது. ஒரே ஒரு விரல்.

இறங்கியது.

மறுபடி கத்தினாள். விரல் எழுந்தது. இறங்கியது.

குரல் போய்விட்டது. அழுகைதான் வந்தது. அதற்கும் எழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, உதட்டுக்குள், தனக்கே கேட்காதபடி, கண்ணு, என்றாள்.

விரல் எழுந்தது.