எழுபத்துமூன்றாம் எண் பஸ்ஸும் ஒரு ஓட்டும்

எழுபத்துமூன்றாம் எண் பஸ் ஒன்றும் ராஜா வண்டி இல்லை. மொத்தம் இருபது இருக்கை. அதில் இரண்டு கிழிசல். மழை வந்தால் பின்பக்கம் ஒழுகும். ஆனாலும் ஆஷ்கோம் கிராமத்திலிருந்து மார்ல்ஃபோர்ட் டவுனுக்குப் போக அதை விட்டால் வேறு பஸ் கிடையாது.

ஹெட்டிக்குப் பத்து வயது. அவளுடைய அம்மா ரூத், டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அம்மாவுக்குக் கார் ஓட்ட வராது. மூன்று முறை லைசென்ஸ் தேர்வுக்குப் போய், மூன்று முறையும் அதே ரவுண்டானாவில் கோட்டை விட்டவர். பஸ் நின்றால் வேலை போகும். வேலை வேண்டுமென்றால் டவுனுக்குக் குடி போக வேண்டும்.

ஹெட்டிக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை. அவளுடைய பள்ளிக்கூடம், தோழிகள், மீன் பிடிக்கும் ஓடை எல்லாம் ஆஷ்கோமில்தான் இருந்தன.

மாவட்டக் கவுன்சிலோ, "ஜூலைக்கு மேல் அந்தப் பஸ்ஸுக்குப் பணம் தர முடியாது" என்று கையை விரித்துவிட்டது. அம்மாவுக்கு வந்ததே கோபம்! மே மாதத் தேர்தலில் தானே நின்றுவிட்டார்.

எதிரே நின்றவர் பெட்டிஃபர். பதினாறு வருடமாக அவர்தான் அந்தப் பக்கத்துக் கவுன்சிலர். மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் கை கொடுப்பார், எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்.

ஹெட்டியும் அம்மாவும் வீடு வீடாக நோட்டீஸ் போட்டார்கள். பெட்டிஃபருடைய பெரிய தேர்தல் பலகையைத் தன் வாசலில் நட்டு வைத்திருந்த ஆட்டுப்பண்ணைக்காரர் டன்னிங்கின் வீட்டுக்கு மட்டும் அம்மா வரவில்லை. அங்கே மேஜர் என்று ஒரு நாய் இருந்தது. அதைக் கண்டால் அம்மாவுக்கு உதறல். ஹெட்டிதான் தனியாகப் போனாள்.

"யாரு, ரூத் பொண்ணா?" என்றார் டன்னிங். "எனக்கெதுக்கு இதெல்லாம்? மேஜர்கிட்ட குடு. அவன் படிக்கட்டும்."

மேஜர் ஒரு வரி விடாமல் கிழித்துப் போட்டது. ஹெட்டிக்கு மூக்கின் நுனிவரை கோபம் வந்தது.

வியாழக்கிழமை தேர்தல். ஊர்ப் பொதுக்கூடத்தில்தான் வாக்குப்பதிவு. உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஐரிஸ் அம்மாள், டன்னிங்கின் சொந்த அக்கா. நாய்களோடு யாரையும் அவர் உள்ளே விடமாட்டார். அந்த ஊரிலோ பாதிப் பேர் நாயோடுதான் ஓட்டுப் போட வருவார்கள். அதனால் ஹெட்டி பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நாய்களைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்குப் போடணும்னு இங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஹெட்டி கண்ணு. நாய்ப் பேச்சு மட்டும்தான்" என்று ஐரிஸ் அம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஐந்து மணி இருக்கும். டன்னிங்கின் வண்டி வந்து நின்றது. மேஜரின் கயிற்றை ஹெட்டியிடம் நீட்டிவிட்டு அவர் உள்ளே போனார். சற்று நேரத்தில் கதவு வழியாகக் கூச்சல் கேட்டது.

"அக்கா, என்னை யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா ஆல்வின். நீ பொறந்தப்போ உன்னை முதல்ல தூக்கினதே நான்தான். ஆனா இப்போ புதுச் சட்டம். போட்டோ இருக்கிற அட்டை எங்க?"

"இந்தா, என் லைசென்ஸ்!"

"இது பழைய காகித லைசென்ஸ். இதுல போட்டோவே இல்லையே."

"ஐம்பது வருஷமா இதை வெச்சுத்தான் ஓட்டறேன்!"

"வண்டி ஓட்டு, யாரு வேண்டாங்கறா? ஓட்டுப் போட முடியாது. பாஸ்போர்ட் இருக்கா?"

"நான் எந்த ஊருக்குப் போனேன், பாஸ்போர்ட்டுக்கு?"

"செல்லற அட்டைங்க பட்டியல்ல இன்னும் இருக்குடா, முழுசா கேளு..."

"போதும், நிறுத்து! கூடப் பொறந்தவளே என்னை யாருன்னு கேக்கறா!"

டன்னிங் தடதடவென்று வெளியே வந்தார். ஹெட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். 'நல்லா வேணும். அம்மாவுக்கு எதிரா ஒரு ஓட்டு குறைஞ்சுது' என்று நினைத்தாள். அவளுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல இருந்தது.

ஆனால் டன்னிங் வண்டியில் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"பதினெட்டு வயசுலேருந்து ஒரு தேர்தல் விட்டதில்லை" என்றார். ஹெட்டியிடம் சொன்னாரா, மேஜரிடம் சொன்னாரா தெரியவில்லை. "காய்ச்சலோட வந்திருக்கேன். பனியில நடந்து வந்திருக்கேன்."

கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் போன ஹெட்டி வண்டிக்குள் பார்த்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே கயிறு, ஊசிமருந்து, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் கிடந்தன. அவற்றின் நடுவே ஓரம் தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் டன்னிங்கின் போட்டோ. வயதானவர்களுக்குக் கொடுக்கும் இலவச பஸ் அட்டை!

எந்த அட்டையெல்லாம் செல்லும் என்று ஒரு மாதமாக அம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஹெட்டிக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். பஸ் அட்டை செல்லும்.

ஹெட்டி வாயை இறுக மூடிக்கொண்டாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பொய் சொன்னதாகவும் ஆகாது. சும்மா இருந்தால் போதும்.

டன்னிங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"மிஸ்டர் டன்னிங்!" ஹெட்டிக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. "அந்த அட்டையைக் காட்டுங்க. அது செல்லும்."

"எது? இதுவா? இது கண்ணாடில பனி சுரண்டற அட்டை!"

"அது பஸ் அட்டை. உங்க போட்டோ இருக்கு பாருங்க. போங்க, மேஜரை நான் பிடிச்சுக்கறேன்."

டன்னிங் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் உள்ளே ஓடினார். ஐரிஸ் அம்மாளின் குரல் கேட்டது. "இதுல சிரிச்ச முகமா இருக்கே. நேர்ல நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சரி, நீதான். இந்தா சீட்டு."

வெளியே வந்ததும் டன்னிங் தொண்டையைச் செருமினார். "நான் பெட்டிஃபருக்குத்தான் போட்டேன். மறைக்கிற ஆள் நானில்லை."

"தெரியும்" என்றாள் ஹெட்டி. மேஜர் அவள் கையை நக்கியது. அது வேறு!

மறுநாள் மதியம் அம்மா டவுனிலிருந்து திரும்பி வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு தடவை எண்ணினாங்க" என்றார். "பெட்டிஃபர் நானூத்திப் பன்னிரண்டு. நான் நானூத்திப் பதினொண்ணு."

ஹெட்டி ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். பஸ் அட்டை, டன்னிங், ஒன்றையும் விடவில்லை.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட என் செல்லமே! ஊர் முழுக்க ஒவ்வொரு வீடா ஏறி அந்தப் பட்டியலைச் சொன்னேன். நாய்க்குப் பயந்து ஒரே ஒரு வீட்டை விட்டேன். அதையும் நீ முடிச்சு வெச்சுட்டே!"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூட ஹெட்டிக்குக் கொஞ்சம் தேவலாம்போல இருந்திருக்கும். ஏனென்றால் அன்று சாயங்காலமே அம்மா டவுனில் வாடகை வீடு தேட ஆரம்பித்துவிட்டார்.

ஹெட்டி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் டன்னிங்கின் பண்ணைக்குப் போனாள். அவர் ஓர் ஆட்டின் காலைத் தூக்கிப் பிடித்துக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஓட்டு வித்தியாசம், மிஸ்டர் டன்னிங். கேள்விப்பட்டீங்களா?"

"பட்டேன், பட்டேன்." அவருக்குக் காது சிவந்தது. "அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"பெட்டிஃபர் நாங்க சொன்னா கேக்க மாட்டார். நீங்க அவருக்கு ஓட்டுப் போட்டவர். நீங்க சொல்லுங்க, பஸ்ஸை நிறுத்தக் கூடாதுன்னு."

"பஸ்ஸா? நான் அதுல ஏறினதே கிடையாதே!"

"நான்கூடத்தான் பெட்டிஃபர் ஜெயிக்கணும்னு நினைச்சதே கிடையாது. ஆனா உங்களை ஓட்டுப் போட வெச்சேன்ல?"

டன்னிங்கின் பிடி தளர்ந்தது. இதுதான் சமயம் என்று ஆடு காலை உதறிக்கொண்டு ஓடிப்போனது.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துடு" என்றார் கடைசியில்.

சனிக்கிழமை காலையில் கவுன்சிலர் பெட்டிஃபர் பொதுக்கூடத்தில் உட்கார்ந்து ஊர்க் குறைகளைக் கேட்பது வழக்கம். இவர்கள் போனபோது அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டிஃபர், நீங்க எத்தனை ஓட்டுல ஜெயிச்சீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார் டன்னிங்.

"ஒண்ணு."

"அந்த ஒண்ணு நான்தான்."

"ஐயோ ஆல்வின், நீங்களுமா?" பெட்டிஃபர் முனகினார். "காலையிலேருந்து ஏழு பேர் இதையே சொல்லிட்டாங்க! ஒருத்தருக்குக் குழாய் வேணுமாம், ஒருத்தருக்கு விளக்கு வேணுமாம். எல்லாரும் அந்த ஒண்ணு நான்தான்னு சொன்னா நான் யாரை நம்பறது?"

"இவரைத்தான் நம்பணும்" என்றாள் ஹெட்டி. "இவர் ஓட்டுப் போடாம வீட்டுக்குக் கிளம்பிட்டார். இவர்கிட்ட செல்லுபடியாகற அட்டை இருக்குன்னு நான்தான் சொல்லித் திரும்ப உள்ள அனுப்பினேன்."

பெட்டிஃபர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ... ரூத்தோட பொண்ணாச்சே?"

"ஆமா."

"அவர் எனக்குத்தான் போடுவார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். வாசல்ல உங்க பலகை இருந்துதே."

"தெரிஞ்சுமா சொன்னே?"

"ஓட்டு அவரோடதுதானே. ஆனா பஸ் நின்னா நாங்க ஊரை விட்டுப் போகணும். எனக்குப் போக இஷ்டமில்லை."

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று ஹெட்டி நிறுத்திக்கொண்டாள். பெட்டிஃபர் வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அவருடைய முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. பையைத் துழாவி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"அந்தப் பஸ்ஸோட நம்பர் என்ன?"

"எழுபத்துமூணு" என்றார்கள் ஹெட்டியும் டன்னிங்கும் ஒரே குரலில்.

பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவர் எதையோ எழுதி வைத்துக்கொண்டதை அன்று இரண்டு பேர் பார்த்தார்கள்.

ஜூன் மாதக் கூட்டத்தில் பெட்டிஃபர் எழுந்து இருபது நிமிடம் பேசினாராம். அவ்வளவு நேரம் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பஸ்ஸுக்கு இன்னும் நான்கு வருடத்துக்குப் பணம் தருவது என்று முடிவாயிற்று. சேதியைச் சொல்ல அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். "அடுத்த தடவையும் உங்களை எதிர்த்து நிப்பேன்" என்றும் சொல்லிவிட்டார்.

"நில்லுங்க, நில்லுங்க" என்றார் பெட்டிஃபர். "ஆனா தயவுசெஞ்சு, யாராவது ஒருத்தர் நூறு ஓட்டுலயாவது ஜெயிக்கணும். இந்த ஒரு ஓட்டு என்னைத் தூங்க விட மாட்டேங்குது."

ஜூலை முடிந்து ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை வந்தது. காலை ஏழு பத்துக்கு அம்மா ஒரு கையில் பையும் வாயில் ரொட்டியுமாகத் தெருவில் ஓடினார். ஹெட்டி ஜன்னலில் நின்று பார்த்தாள். தூரத்தில் எழுபத்துமூன்றாம் எண் பஸ் இருமிக்கொண்டே வந்து, அம்மாவுக்காக நின்றது.