ஆபத்து இல்லாத துளை

தொண்டையில் துளை போடுவது குளுக்கோஸ் ஏற்றுவதைப்போல ஆகிவிட்ட காலம் அது. மூச்சுக்கருவியில் கிடக்கும் நோயாளியின் கழுத்தில் 'கழுத்துக்கண்' என்ற பட்டையைச் சுற்றுவார்கள். அது காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு மூச்சுக்குழல் எங்கே, குறுக்கே ஓடும் ரத்தக்குழாய் எங்கே, தோலிலிருந்து எவ்வளவு ஆழம் என்று படம் வரைந்துவிடும். பிறகு 'துளைக்கை' என்ற இயந்திரக் கை இறங்கி, மயிரிழை பிசகாமல் வழி திறந்து குழாயைச் செருகும். ஒரு காலத்தில் டாக்டர்கள் விரலால் தடவிப் பார்த்து, சாமியை வேண்டிக்கொண்டு கத்தி வைத்தார்கள் என்று சொன்னால் இப்போதைய மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், கொடுத்துவைத்தவர்கள்.

ஆபத்து போனதும் அதோடு சம்மதம் கேட்கும் வழக்கமும் போய்விட்டது. சும்மா ஓர் ஊசி போட யார் உட்கார்ந்து சம்மதம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

கழுத்துக்கண்ணை உருவாக்கியவர் டாக்டர் பூங்கோதை. கோயம்புத்தூரில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவி. அன்று காலை அவர் முன்னால் கிடந்தவர் சொந்த அண்ணன் செங்கோட்டுவேல், கிரைண்டர் பட்டறைக்காரர். நரம்பு நோய் அவருடைய கைகால்களோடு கண்ணிமையையும் முடக்கியிருந்தது. அறிவு தெளிவாக இருந்தது, தொண்டைத் தசைகளில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம் இருந்தது. வாய்வழியே போன குழாயால் குரல் எழும்பாது. நோய் தெளிய மாதங்கள் ஆகும். துளை போட்டால் அந்த வாய்க்குழாயை எடுத்துவிடலாம்.

"பத்து நிமிஷந்தானுங்ண்ணா. ஒண்ணும் பயமில்லை" என்று பூங்கோதை அவர் தலையைத் தடவினார்.

கருவியை இயக்கும் சாதிக் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "மேடம், பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு மேலாப்ல ஏறிக் குறுக்க ஓடுதுங்க. வடிகட்டியை எடுத்துட்டு ஒருதடவை பாத்துக்கலாமுங்களா?"

வடிகட்டி பூங்கோதையின் பெருமைக்குரிய கைவரிசை. ஆரம்ப காலத்தில், நினைவோடு இருக்கும் நோயாளிகளின் கழுத்துத் தசைகள் ஓயாமல் துடித்தன. படம் ஆடும், கருவி நின்றுவிடும், எல்லாம் தாமதமாகும். 'விழுங்கல் இரைச்சல்' என்று அதற்குப் பெயர் வைத்து, படத்திலிருந்தே அழித்துவிட்டார். அதன்பிறகு கருவி எதற்கும் நின்றதில்லை.

வடிகட்டி போனதும் ரத்தக்குழாய் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் தசைகள் துடித்தன, நின்றன, மறுபடி துடித்தன. சாதிக் தன் கழுத்தில் கிடந்த மௌனப்பேசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பஸ்ஸில் ஊரே அதைத்தான் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அரட்டை அடிக்கிறது. அதுவும் கழுத்துக்குள் ஒலி அனுப்பித் தசையின் அசைவைச் சொல்லாக மாற்றும் கருவிதான்.

"விழுங்கறதுன்னா இப்படி நிறுத்தி நிறுத்தி வராதுங்க மேடம். எம் பேசியில வர்ற படமாட்டமே இருக்குது."

"உளறாத, சாதிக்."

சொல்லிவிட்டாரே தவிர, பூங்கோதையால் அதை அப்படியே விட முடியவில்லை. பேசியைக் கழுத்துக்கண்ணோடு இணைக்கச் சொன்னார். திரையின் அடியில் எழுத்துகள் வந்தன.

'அம்மணி. கேக்குதா அம்மணி.'

உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட ஒரே ஓர் ஆள்தான் உண்டு. பூங்கோதைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கேக்குதுங்ண்ணா! வலிக்குதுங்களா?"

'துளை போடப் போறீங்களாமே.'

"ஆமாங்ண்ணா. துளியும் ஆபத்தில்லை. நானே செஞ்ச மிஷினுங்க."

'தெரியும். ஆபத்து இருந்திருந்தா என்னையக் கேட்டிருப்பீங்க.'

பட்டறையில் தன்னைக் கேட்காமல் ஒரு ஸ்பேனரை எடுத்தாலே ஊரைக் கூட்டும் மனுஷன். அவர் கழுத்தில் ஓடும் ஒவ்வொரு குழாயையும் அளந்து பார்த்த தங்கைக்கு, அவரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"இப்பக் கேக்கறனுங்ண்ணா. போடட்டுங்களா?"

தசைகள் நிதானமாக அசைந்தன.

'யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்.'

சாதிக் சிரித்துவிட்டான். பூங்கோதைக்கும் அழுகையினூடே சிரிப்பு வந்தது. நாளைவரை காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் எழுத்துகள் இன்னும் முடியவில்லை.

'என்னைய விடு. பக்கத்துக் கட்டில்ல மிஷின் ஓடற சத்தம் கேக்குது. அங்க கெடக்கறவங்களைக் கேட்டீங்களா?'

பூங்கோதை திரும்பினார். அடுத்த கட்டிலில் இளைஞன் ஒருவன் கிடந்தான். மயக்க மருந்து இன்னும் ஏறவில்லை. இன்னொரு துளைக்கை அவன் கழுத்துக்கு நேராக வந்து இடம் குறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரும் நிற்கத் தேவையில்லாதபடிதானே அதைச் செய்திருந்தார்கள்!

ஓடிப்போய் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். "இங்கயும் வடிகட்டியை எடு, சாதிக்! பேசியை மாட்டு!"

அதுவரை புகைப்படம்போல் அசையாமல் இருந்த கழுத்துப் படம் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. மேலே 'பாதை தெளிவு, ஆபத்து இல்லை' என்ற பச்சை எழுத்து மாறவே இல்லை. அதற்குக் கீழே ஒரே சொல் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது.

'இருங்க. இருங்க. இருங்க.'