முரசு கேட்ட மதியம்

ஊராட்சி ஒலிபெருக்கியில் அன்று பாண்டு வாத்தியம் வரவில்லை. கோழிக்குஞ்சு விற்பனையோ, தண்ணீர் நிறுத்தமோ, எதைச் சொல்வதற்கும் முன்னால் ஒரு பாட்டு போடுவது அந்த ஸ்லோவாக்கியச் சிற்றூரின் வழக்கம். அன்று மதியம் முரசு அடித்தது.

ஜெல்மீரா ஊறுகாய் போட முட்டைக்கோசு அரிந்துகொண்டிருந்தாள். உப்பும் சீரகமும் ஈர மரப்பீப்பாயுமாகக் கலந்த வாடை சமையலறையில் நிறைந்திருக்க, வெளியே நவம்பர் மூடுபனி தேவாலயக் கோபுரத்தைப் பாதிவரை விழுங்கியிருக்க, அந்த வெண்மைக்குள்ளிருந்து கம்பத்துக்குக் கம்பம் சற்றே பிந்தி அந்தத் தோல் அதிர்ந்தது.

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ஒட்டீலியா அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தாள். "கல்யாணமாகி வந்து முப்பது வருஷமாச்சு, இன்னும் உப்பை அள்ளிக் கொட்டறியேடி! உங்க ஊர்க் கை, மாறவே மாறாது." இப்போது அவள் முகம் இறுகியிருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றாள் ஜெல்மீரா.

"அந்தக் காலத்துல முரசடிச்சுத்தான் சேதி சொல்லுவாங்க. போர் சமயத்துல வெளியூர்க் குடும்பங்களை அப்படித்தான் சுண்ணாம்புச் சூளைக்கு வரச் சொன்னாங்க. ஒருத்தரும் திரும்பல."

"ஜெர்மன்காரங்க கொன்னுட்டாங்களா?"

ஒட்டீலியா ஜன்னல் வழியே தெருவிலிருந்த வீடுகளைப் பார்த்தாள்.

முரசு நின்றது. உருளைக்கிழங்கு விலை சொல்வதுபோல் நிதானமான ஓர் ஆண்குரல்: "ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டிலிருக்கும் வெளியூராரைச் சூளைக்குக் கொண்டுவரவும்."

ஒட்டீலியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அப்பால், வெளியூரிலிருந்து வந்த அவள் மருமகள் அலறினாள். ஏதோ சுவரில் மோதியது. மறுபடி மோதியது. பிறகு அலறல் இல்லை.

விறகுக் கொட்டகையிலிருந்து ஜெல்மீராவின் கணவன் வெண்டலீன் உள்ளே வந்தான்.

"கோட்டை மாட்டிக்க, ஜெல்மீ. வெளிய குளிருது."

"உனக்கென்ன பைத்தியமா? யாரோ விளையாடறாங்க!"

"மாட்டுன்னேன்ல."

தலைமுடியைப் பிடித்தான். கையிலிருந்த கத்தியை வீசினாள். அவன் கன்னம் கிழிந்து பற்கள் தெரிந்தன. அவன் கண்கூட இமைக்கவில்லை. அவள் தலையைக் கதவு நிலையில் மோதினான். மீண்டும். மீண்டும். அவள் வாயெல்லாம் ரத்தம்.

தெருவில் எல்லா வாசல்களும் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் யாரையோ இழுத்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைபோல் ஒருவருக்கொருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள்.

"வீட்டைப் பூட்டினீங்களா?"

"பூட்டியாச்சு."

ஜெல்மீரா வாசல் கம்பியைப் பற்றினாள். வெண்டலீன் விரல்களை ஒடித்தான். ஒவ்வொன்றாக. எதிரே ஒட்டீலியா. மேலங்கி முழுக்கச் சிவப்பு.

"ஒட்டீலியா... காப்பாத்துடி..."

ஒட்டீலியா நின்றாள். வெண்டலீனின் கிழிந்த கன்னத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, ரொம்ப வலிக்குதா?"

கைக்குட்டையால் அதை மெல்ல ஒற்றி எடுத்தாள். பிறகு குனிந்து, ஜெல்மீராவின் இரண்டு கால்களையும் தூக்கினாள்.