கயிறு பிடித்தவன்

சிதம்பரத்தில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கிள்ளை பஸ் ஏறினேன். துக்கம் விசாரிக்கப் போகிறவள் வெறுங்கையோடும் போகக் கூடாது, ஸ்வீட்டும் வாங்கக் கூடாது. பிரிசில்லா காலேஜில் என் ஹாஸ்டல் ரூம்மேட். அவள் புருஷன் எழிலனைக் கடல் கொண்டுபோய் ஒரு மாதம் ஆகிறது. உடம்பு கிடைக்கவில்லை. எனக்கு இப்போதுதான் லீவு கிடைத்தது, வெட்கக்கேடு.

கிள்ளையிலிருந்து ஷேர் ஆட்டோ. கடலோரக் குப்பத்தில் கடைசி வீடு அவளுடையது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே காலை வைத்ததும் ஜில்லென்றது. சேற்று நாற்றம் அடித்தது.

சுவரில் ஆணியில் ஒரு கயிறு மாட்டியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வெயில்ல போட்டாலும் காயலடீ வெண்மதி" என்றாள் பிரிசில்லா. அழுது வீங்கிய முகமில்லை. அதுவே எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். கடலடியில் கிடக்கும் உடைந்த படகில் வலை சிக்கிக்கொண்டால், ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதிப்பான். மறுமுனையைப் படகிலிருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியை எவனும் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கை. கீழிருந்து ஒருமுறை சுண்டினால் 'இன்னும் விடு'. இரண்டு முறை சுண்டினால் 'தூக்கு'.

பிரிசில்லாவுடையது வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம். அண்ணன் ஆரோக்கியராஜ் கல்யாணத்துக்கு வரவில்லை. கயிறு பிடிக்க மட்டும் வந்தான்.

"கயிறு அறுந்துபோச்சுன்னு எங்கண்ணன் சொன்னான். கூட போட்ல இருந்த தங்கராசும் ஊரு முன்னாடி கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணாரு. போன ஞாயித்துக்கிழம கதவத் தொறந்தா, வாசப்படியில இது கெடக்குது. எங்க அறுந்திருக்கு, நீயே பாரு."

பார்த்தேன். ஒரு முனையில் இடுப்புக்கட்டு அவிழாமல் இருந்தது. மறுமுனையில் ஒரு பிசிறுகூட இல்லை. அந்தக் கயிறு அறுந்ததே இல்லை. பிடித்தவன் கையை விட்டிருக்கிறான்.

அவள் கூப்பிட்டிருந்தாள் போலிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியராஜே வந்தான். கயிற்றைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இத கடல்ல வீசிட்டு வந்துடுண்ணே. என்னால முடியல."

"இது... வேற கயிறு புள்ள."

"அப்ப வீசறதுக்கு என்னா பயம்?"

கயிற்றை எடுத்துக்கொண்டு நடந்தான். நாங்களும் பின்னால் போனோம்.

முழங்கால் ஆழத்தில் நின்று சுருளை வீசினான். இடுப்புக்கட்டு முதலில் மூழ்கியது. அவன் கையில் மிச்சமிருந்தது முனை மட்டும்.

கயிறு சுண்டியது.

மறுபடியும் சுண்டியது.

தூக்கு.

சின்ன வயதிலிருந்து பழகிய கை. யோசிக்காமல் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான்.

சுற்று இறுகியது.

"மாப்ள!" என்று அலறினான். "விட்டுடு மாப்ள!"

எழிலன் உயிரோடிருந்தவரை ஆரோக்கியராஜ் ஒருநாள்கூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் ஓடினேன். பிரிசில்லா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன.

"நீ போவாதடீ" என்று காதருகே சொன்னாள். "அவுரு தூக்கச் சொன்னப்ப இவன் தூக்கல."

ஓர் அலை வந்து திரும்பியது. அங்கே ஆளில்லை.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. என் பையைத் தேடினேன். எங்களுக்கு முன்பே கயிறு ஆணிக்கு வந்திருந்தது. சொட்டவில்லை. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அப்பாடா, எழிலன் ஆத்திரம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

கயிறு சுண்டியது.

ஒரே ஒரு முறை. இன்னும் விடு.

தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

பிரிசில்லா கயிற்றைப் பார்த்துத் தலையாட்டினாள், புருஷன் ஏதோ வேலை சொன்னதுபோல. பிறகு போனை எடுத்தாள்.

"தங்கராசு அண்ணே, கொஞ்சம் வீட்டாண்ட வந்துட்டுப் போறீங்களா?"